திரை கிழியுமுன்

ஹாஸ்ட் பக்கம், தெற்குத் தீவு
9 மார்ச் 2025

அன்புள்ள அக்கா,

நான் இங்கே சுகம். உங்களுக்கு அந்த இருமல் விட்டதா? ஹில்ஸ்பரோ வீட்டின் பின்னறை ஈரத்தை வீட்டுக்காரரிடம் சொல்லச் சொல்லி இரண்டு கடிதமாக எழுதுகிறேன். காளானுக்கு நல்லது என்று நீங்கள் பேசாமல் விட்டிருப்பீர்கள்.

போனில் கதைத்தால் மூன்றாவது நிமிடமே எங்களுக்குள் சண்டை வருகிறது, எழுதினால் சண்டைபிடிக்க ஒரு கிழமை பொறுக்க வேண்டும், அதற்குள் கோபம் ஆறிவிடும் என்று போன வருடம் சொன்னீர்கள். சரியாகத்தான் சொன்னீர்கள். விடுதிக்கு வெள்ளிக்கிழமைகளில் மட்டும்தான் தபால் வருகிறது. வியாழக்கிழமை இரவே எனக்கு ஒரு சின்னச் சந்தோசம் தொடங்கிவிடும்.

வேலை பழகிவிட்டது. பாபகூரா மருந்துக்கடையில் பத்து வருடம் மாத்திரை கொடுத்தவன் இப்போது மலை நடக்க வருகிறவர்களுக்குக் கட்டில் விரிப்பு மாற்றுகிறேன், காலையில் ஓட்ஸ் காய்ச்சிக் கொடுக்கிறேன். ஒருவரும் என்னிடம் நோய் வருத்தம் சொல்ல வருவதில்லை. அது போதும்.

போன மே மாதம் நான் அனுப்பிய மூன்று ஊதாக் காளான்களுக்கும் என்ன நடந்தது? ஆறு வளைகிற இடத்தில், பீச் என்கிற காட்டு மரங்களின் கீழே, பாசிக்குள் எடுத்தவை. நீங்கள் தந்த புத்தகத்தில் அப்படி ஒன்று இல்லை. குப்பைக்குப் போயிருந்தால் சொல்லிவிடுங்கள், கோபிக்கமாட்டேன்.

பிரணவியைப் பார்த்தால் எழுதுங்கள். போனில் அவள் 'யெஸ் அப்பா, நோ அப்பா' என்று மட்டும் சொல்வதைக் கேட்க முடியாமல் நான்தான் எடுப்பதை நிறுத்தினேன். அது உங்களுக்குத் தெரியும். ஆகவே 'நல்லா இருக்கிறாள்' என்று ஒரு வரியோடு முடிக்க வேண்டாம். என்ன உடுத்திருந்தாள், என்ன கதைத்தாள் என்று எழுதுங்கள்.

வேளைக்குச் சாப்பிடுங்கள்.

உங்கள் தம்பி
திலக்சன்

*

ஹில்ஸ்பரோ, ஆக்லாந்து
21 மார்ச் 2025

அன்புள்ள தம்பி,

இருமல் விட்டுவிட்டது. பின்னறை ஈரம் விடவில்லை. நீ குளிருக்குக் கழுத்தை மூடிக்கொண்டு திரிகிறாய் என்று நினைத்துக்கொள்கிறேன்.

உன் மூன்று காளான்களும் குப்பைக்குப் போகவில்லை. பத்து மாதமாக அவற்றைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறேன். எழுதாமல் இருந்தது நிச்சயமில்லாமல் எழுதக் கூடாது என்றுதான். இப்போது எழுதலாம். எங்கள் ஆய்வுகூடத்தில் தேவதர்ஷினி என்று ஒரு பிள்ளை, திருச்சிப் பக்கம். டி.என்.ஏ. பார்ப்பது அவள்தான். போன கிழமை என் மேசைக்கு வந்து, "அக்கா, இது எதுகூடவும் ஒத்துப்போகல. புதுசுதான்னு நினைக்கிறேன்" என்றாள். நான் தேத்தண்ணீர் போடப் போய்விட்டேன்.

ஆனால் இந்த மூன்றையும் வைத்து ஒன்றும் செய்ய முடியாது. மூன்றும் கிழடு. குடை முழுக்க விரிந்து, ஓரம் சுருண்டுபோனவை. இந்தக் குடும்பத்துக் காளான் குஞ்சாக இருக்கும்போது குடையின் ஓரத்துக்கும் காம்புக்கும் இடையில் சிலந்தி வலைபோல ஒரு திரை இருக்கும். குடை விரிய அது கிழிந்துபோகும். அந்தத் திரையின் நிறம் தெரியாமல் ஒரு இனத்தை வர்ணிக்க முடியாது. ஒரே ஒருமுறை எடுத்ததை வைத்துப் புது இனம் என்று சொல்லவும் எனக்கு மனம் வராது. ஆகவே இந்த வருடமும் நீ எடுக்க வேண்டும். குஞ்சும் நடுத்தரமும் கிழடுமாக. ஏப்ரல் கடைசியிலிருந்து மே நடுப்பகுதி வரைதான் வரும். அதற்குப் பிறகு உறைபனி.

உனக்கு ஒன்று சொல்ல வேண்டும். என் ஒப்பந்தம் ஜூன் கடைசியோடு முடிகிறது. நீட்டிப்பார்களா என்று தெரியாது. பதினான்கு வருடமாக மற்றவர்கள் கண்டுபிடித்ததற்கு உறை ஒட்டி அடுக்கி வைத்திருக்கிறேன். என் கையால் ஒரு இனத்துக்கும் பெயர் வைத்ததில்லை.

ஞாயிற்றுக்கிழமை ரயிலில் பாபகூரா போனேன். நல்ல வெயில். பிரணவி மஞ்சள் நிற மழைக் கம்பூட்ஸ் போட்டுக்கொண்டு என்னோடு தெருமுனை டெய்ரிக் கடைக்கு வந்தாள். ஏன் என்று கேட்டால், "இட் மைட் ரெயின், மாமி" என்றாள். ஐஸ் பழம் வாங்கினோம். பாதியை எனக்குத் தந்தாள். உன்னுடைய நடைதான், வலது பாதத்தைச் சற்று வெளியே வைக்கிறாள்.

பனி விழும் நேரத்தில் ஆற்றுப் பக்கம் தனியே போகாதே.

அன்புடன்
அக்கா கம்சாயினி

*

பாபகூரா
13 ஏப்ரல் 2025

அன்புள்ள மச்சாளுக்கு,

நாங்கள் இருவரும் சுகம். நீங்களும் சுகமாக இருப்பீர்கள். போன கிழமை நீங்கள் வந்தபோதே சொல்ல நினைத்தேன். நேரில் சொன்னால் அழுதுவிடுவேன் என்று பயந்து மின்னஞ்சலில் எழுதுகிறேன்.

பிரிஸ்பேன் ஆஸ்பத்திரியில் எனக்கு வேலை கிடைத்துவிட்டது. அம்மாவும் அண்ணாவும் அங்கேதான் என்பது உங்களுக்குத் தெரியும். இங்கே இரவு வேலைக்குப் போகும் ஒவ்வொரு முறையும் பிள்ளையை யாரிடம் விடுவது என்று யோசித்து யோசித்துக் களைத்துவிட்டேன். அப்படி வேலை கிடைத்தால் பிரணவியைக் கூட்டிப் போகலாம் என்று திலக்சன் போன வருடம் நாங்கள் பிரிந்தபோதே வழக்கறிஞர் முன்னால் கையெழுத்து வைத்தவர். ஆனால் எப்போது என்று அவருக்குத் தெரியாது. எங்களுக்கே இப்போதுதான் தெரியும். மே மாதம் பத்தாம் திகதி, சனிக்கிழமை விமானம்.

எட்டாம் திகதி அவளுக்குப் பிறந்தநாள். எட்டு வயது. அதற்கு அவர் வந்து, இரண்டு நாள் அவளோடு நின்று, விமான நிலையத்துக்கும் வந்து அனுப்பினால் அவளுக்கு நல்லது. எனக்கும் நல்லது. அவரைக் குற்றம் சொல்லிக்கொண்டு இந்த நாட்டை விட்டுப் போக எனக்கு விருப்பமில்லை. பிரணவி ஒவ்வொரு நாளும் கேட்கிறாள், "வில் அப்பா கம்?" என்று.

நான் விடுதிக்கு எடுத்தால் என் குரல் கேட்டதும் போனை வைத்துவிடுகிறார். கடிதம் போட்டால் பிரிக்காமல் வைத்திருப்பார். நீங்கள் எழுதினால்தான் வாசிப்பார். இதை அப்படியே அனுப்பினாலும் சரி. மறக்காமல் எழுதிவிடுங்கள், மச்சாள். உங்களை நம்பித்தான் இருக்கிறேன்.

உங்கள் உடம்பைப் பாருங்கள்.

அஸ்வினி

*

ஹில்ஸ்பரோ
17 ஏப்ரல் 2025

அன்புள்ள தம்பி,

நான் நலம். இங்கே இலையுதிர் மழை தொடங்கிவிட்டது. மனுகாவ் குடாவே தெரியாத அளவுக்கு மூடியிருக்கிறது. அங்கேயும் மழை என்றால் நல்லது, பாசி நனையட்டும்.

இத்துடன் உறைகளும், ஈரம் உறிஞ்சும் சின்னப் பைகளும், நிற அட்டை ஒன்றும் வைத்திருக்கிறேன். கவனமாக வாசி. காளானைப் பிடுங்காதே, கத்தியால் அடியோடு கிளப்பு, காம்பின் அடி எனக்கு வேண்டும். எடுத்த உடனே நிற அட்டையோடு வைத்துப் படம் எடு, அரை மணித்தியாலத்தில் ஊதா மங்கிவிடும். ஒரு குடையை வெட்டி வெள்ளைத் தாளில் கவிழ்த்து, மேலே கோப்பையால் மூடிவிடு. விடிய எடுத்துப் பார்த்தால் தாளில் பொடி விழுந்திருக்கும். அந்தத் தாளையும் மடித்து அனுப்பு. மணம் எப்படி என்று எழுது. மற்றதை அடுப்புக்குப் பக்கத்தில், சூடு அதிகமில்லாமல் உலர்த்து.

திரை கிழியாத குஞ்சு ஒன்றாவது வேண்டும். அது இல்லாமல் மற்றது எத்தனை இருந்தும் பயனில்லை.

பிரணவி சுகமாக இருக்கிறாள். முன்பல் ஒன்று விழுந்துவிட்டது. விழுந்த பல்லைச் சுண்டெலிக்குத் தரமாட்டேன், பள்ளிக்கூடத்தில் காட்டவேண்டும் என்று தீப்பெட்டிக்குள் வைத்திருக்கிறாள்.

வேறொன்றும் எழுத இருந்தது. பிறகு எழுதுகிறேன்.

கையுறை போட்டுக்கொள்.

அன்புடன்
அக்கா

*

ஹாஸ்ட் பக்கம்
22 ஏப்ரல் 2025

அன்புள்ள அக்கா,

நான் சுகம், பொதி இன்று பஸ்ஸில் வந்து சேர்ந்தது, இதையும் அந்தப் பஸ்ஸிலேயே கொடுத்தனுப்புகிறேன். இவ்வளவு உறை எதற்கு? முழுக் காட்டையும் அனுப்பச் சொல்கிறீர்களா?

இன்னும் ஒன்றும் முளைக்கவில்லை. மழை பிந்திவிட்டது. ஒவ்வொரு பின்னேரமும் ஆற்று வளைவுக்குப் போய்ப் பார்க்கிறேன். மண்ணிறத்தில் வேறேதோ வருகிறது, ஊதாவைக் காணவில்லை. விடுதி நடத்தும் கிழவர் என்னை, "யுவர் கேர்ள்ஃப்ரெண்ட் ஸ்டில் நாட் தேர்?" என்று நக்கலடிக்கிறார்.

தீப்பெட்டிக் கதையை நாலு தரம் வாசித்தேன்.

அக்கா, ஒன்று கேட்க வேண்டும். பிரணவிக்கு எட்டாம் திகதி எட்டு வயது. நான் வரலாமா என்று யோசிக்கிறேன். இங்கிருந்து பஸ் பிடித்துக் குயின்ஸ்டவுன் போய், அங்கிருந்து பறந்தால் ஒரு நாள். போன வருடப் பிறந்தநாளுக்கு வராமல் விட்டேன். வந்தால் அஸ்வினியோடு முகம் கொடுத்துக் கதைக்க வேண்டுமே என்ற பயம். இந்த வருடம் அந்தப் பயம் கொஞ்சம் குறைந்திருக்கிறது. காட்டில் இருந்து இருந்து மனிதர்களைப் பார்க்க ஆசை வந்துவிட்டது போல.

ஆனால் நான் ஒரு கிழமை இல்லாவிட்டால், அந்தக் கிழமைதான் உங்கள் காளான் வரும். அது எனக்குத் தெரியும். இங்கே வேறு ஒருவரும் அதைச் சரியாக எடுக்கமாட்டார்கள். உங்களுக்கும் ஜூனோடு ஒப்பந்தம் முடிகிறது. என்ன செய்யட்டும்? நீங்கள் போ என்றால் வருகிறேன், நில் என்றால் நிற்கிறேன். சீக்கிரம் எழுதுங்கள்.

சுகத்தோடு இருங்கள்.

தம்பி
திலக்சன்

*

ஹில்ஸ்பரோ
28 ஏப்ரல் 2025

அன்புள்ள தம்பி,

சுகமாக இருப்பாய். தபால் பிந்தும் என்று இதைக் கூரியரில் அனுப்புகிறேன். வெள்ளிக்கிழமைக்குள் உன் கைக்கு வந்துவிடும்.

உன் கடிதத்தை வைத்துக்கொண்டு இரண்டு நாள் யோசித்தேன். நீ வரவேண்டும் என்று நினைத்ததே எனக்குப் பெரிய சந்தோசம். ஆனால் மழை இப்போதுதான் அங்கே போயிருக்கிறது. வானிலைப் படம் பார்த்தேன். மே முதல் கிழமைதான் முளைக்கும். உறைபனி விழுந்தால் அடுத்த வருடம்வரை இல்லை. அடுத்த வருடம் நான் இந்த மேசையில் இருப்பேனோ தெரியாது.

நில், தம்பி. ஜூனில் வா. அப்போது பிறந்தநாளைச் சேர்த்துக் கொண்டாடலாம். காளான் காத்திருக்காது, பிள்ளைகள் காத்திருப்பார்கள்.

கையுறை, நிற அட்டை, வெள்ளைத் தாள். மறக்காதே.

அன்புடன்
அக்கா

*

ஹாஸ்ட் பக்கம்
7 மே 2025

என் அக்கா,

சுகம் கேட்கவும் பொறுமை இல்லை. கிடைத்துவிட்டது!

நேற்றுப் பின்னேரம். மூன்று நாள் மழை பெய்து விட்டிருந்தது. ஆற்று வளைவுக்குப் போனால் போன வருடம் எடுத்த இடத்தில் ஒன்றும் இல்லை. சரி, வருடம் போய்விட்டது என்று திரும்பும்போது, விழுந்து கிடந்த மரத்துக்கு அந்தப் பக்கம் கால் வழுக்கி உட்கார்ந்துவிட்டேன். உட்கார்ந்த இடத்திலிருந்து பார்த்தால் பாசிக்குள் ஒரு பக்கமெல்லாம் ஊதா. நின்று பார்த்தால் தெரியாது, அக்கா. பாசி மூடியிருக்கிறது. குழந்தையின் உயரத்திலிருந்துதான் தெரிகிறது.

குஞ்சுகள் இருக்கின்றன. குடை இன்னும் விரியாதவை, பெருவிரல் நுனி அளவு. ஒன்றை நெடுக்காகப் பிளந்தேன். திரை இருக்கிறது. வெள்ளை இல்லை, வெளிர் ஊதாவும் இல்லை, மஞ்சள் கலந்த ஒரு நிறம், பழுக்கத் தொடங்கிய எலுமிச்சைபோல. ஊதாக் காளானுக்குள் மஞ்சள் வலை. இப்படி ஒன்றை நான் பார்த்ததில்லை. மூச்சு விட்டால் அறுந்துவிடும் என்று வாயைப் பொத்திக்கொண்டு படம் எடுத்தேன். மணம், புதிதாக வெட்டிய முள்ளங்கி.

பொடி விழுந்த தாள், படங்கள், உலர்ந்தவை எல்லாம் இத்துடன் வருகின்றன. வெள்ளிக்கிழமைத் தபாலில் போகும்.

நாளைக்கு பிரணவியின் பிறந்தநாள். நீங்கள் சொன்னது சரி, நின்றிருக்காவிட்டால் இது கிடைத்திருக்காது. அவளுக்கு ஒரு படம் கீறியிருக்கிறேன், கலர் பென்சிலால். அந்தக் குஞ்சுக் காளான்தான். 'அப்பா ஃபவுண்ட் திஸ்' என்று கீழே எழுதியிருக்கிறேன். பிந்திக் கிடைத்தாலும் பரவாயில்லை. கொண்டுபோய்க் கொடுத்து, ஜூனில் அப்பா நேரே வருவார் என்று சொல்லுங்கள்.

உங்களுக்கு ஒன்று கொடுக்க முடிந்தது என்று எனக்கு எவ்வளவு நிம்மதி தெரியுமா?

சுகமாக இருங்கள், அக்கா. நன்றாகத் தூங்குங்கள்.

திலக்சன்

*

பிரிஸ்பேன்
18 மே 2025

அன்புள்ள மச்சாளுக்கு,

நாங்கள் சுகமாக வந்து சேர்ந்துவிட்டோம். அம்மா உங்களை விசாரிக்கச் சொன்னார். நீங்கள் விமான நிலையத்துக்கு வருவீர்கள் என்று நினைத்தேன். காய்ச்சல் என்று செய்தி போட்டிருந்தீர்கள். இப்போது மாறியிருக்கும்.

நான் கேட்ட அன்றைக்கே ஓம், எழுதுகிறேன் என்று பதில் போட்டீர்கள். நீங்கள் எழுதியிருப்பீர்கள், அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆகவே இதை உங்கள்மீது கோபித்து எழுதவில்லை.

பிறந்தநாள் அன்று பிரணவி கேக் வெட்டமாட்டேன் என்று நின்றாள். பின்னேரம் வரை பார்த்தோம். பிறகு தானே வந்து வெட்டினாள். விமான நிலையத்தில் ஒருமுறை மட்டும் கேட்டாள், "இஸ் அப்பா லேட்?" என்று. ஓம், லேட் என்றேன். உள்ளே போகும்வரை திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே வந்தாள். இங்கே வந்தபிறகு கேட்பதில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது.

திருமணமாகி ஒன்பது வருடத்தில் அவர்மேல் எனக்கு எத்தனையோ கோபம் இருந்தது. பிள்ளையில் அன்பில்லாதவர் என்று மட்டும் ஒருநாளும் நினைத்ததில்லை. இப்போது நினைக்கிறேன். அவர் இனி எடுத்தாலும் நான் பிள்ளையிடம் போனைக் கொடுப்பதாக இல்லை. அவருக்கு எழுதும்போது இதையும் எழுதிவிடுங்கள்.

புது விலாசம் கீழே இருக்கிறது. மருந்து ஒழுங்காக எடுங்கள்.

அஸ்வினி

*

ஹில்ஸ்பரோ
25 மே 2025

தம்பி,

நீ சுகமாக இருக்கவேண்டும். இதை ஓரிடத்தில் இருந்துகொண்டு வாசி.

பிரணவி இங்கே இல்லை. பத்தாம் திகதி அஸ்வினி அவளைக் கூட்டிக்கொண்டு பிரிஸ்பேன் போய்விட்டாள். அங்கே வேலை. நீ கையெழுத்து வைத்த விஷயம்தான். ஏப்ரல் பதின்மூன்றாம் திகதி அஸ்வினி எனக்கு எழுதினாள். பிறந்தநாளுக்கு நீ வரவேண்டும், விமான நிலையத்தில் நின்று அனுப்பவேண்டும், உனக்கு எழுது என்று கேட்டாள். ஓம் என்றேன். எழுதவில்லை.

முதலில் அடுத்த கடிதத்தில் எழுதலாம் என்று விட்டேன். பிறகு நீயே வரட்டுமா என்று கேட்டாய். அந்தக் கடிதத்தை வைத்துக்கொண்டு இரண்டு நாள் இருந்தேன் என்று எழுதினேனே, அது உண்மை. விடுதிக்குப் போன் எடுத்து ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். கூரியரில் அனுப்பிய தாளில் ஒரு வரி சேர்த்திருக்கலாம். நில் என்று எழுதினேன். பிள்ளைகள் காத்திருப்பார்கள் என்று எழுதினேன். எழுதும்போதே அவள் காத்திருக்க இங்கே இருக்கப்போவதில்லை என்று எனக்குத் தெரியும்.

காய்ச்சல் என்று சொல்லி விமான நிலையத்துக்கும் போகவில்லை. அவள் முகத்தைப் பார்க்க முடியாது.

நீ வராமல் விட்டாய் என்றுதான் அஸ்வினி நினைத்துக்கொண்டிருக்கிறாள். இனிப் பிள்ளையிடம் போன் கொடுக்கமாட்டேன் என்கிறாள். அவளுக்கு நான் இன்னும் உண்மையை எழுதவில்லை. எழுத உட்காருகிறேன், முடியவில்லை.

நீ கீறிய படத்தை உனக்கே திருப்பி அனுப்புகிறேன். பிரிஸ்பேன் விலாசம் பின்பக்கம் இருக்கிறது. உன் பொதியில் ஒரு குறையும் இல்லை. டி.என்.ஏ. போன வருடத்தோடு பொருந்திவிட்டது. புது இனம்தான். கட்டுரை எழுதத் தொடங்கிவிட்டேன். அதற்கு உன் பெயர் வைக்கலாம் என்று இருக்கிறேன்.

என்ன திட்டவேண்டுமோ திட்டு. எழுதாமல் மட்டும் இருக்காதே.

அக்கா

*

ஹில்ஸ்பரோ
20 ஜூலை 2025

அன்புள்ள தம்பி,

நீ எங்கே இருந்தாலும் சுகமாக இருக்க வேண்டும். எட்டு வெள்ளிக்கிழமை போய்விட்டது. நேற்று விடுதிக்குப் போன் எடுத்தேன். நீ ஜூன் மாதமே வேலையை விட்டுப் போய்விட்டாய் என்று கிழவர் சொன்னார். எங்கே என்று சொல்லவில்லையாம். இந்தக் கடிதத்தை அனுப்பிவைப்பதாகச் சொன்னார்.

என் ஒப்பந்தத்தை இரண்டு வருடம் நீட்டியிருக்கிறார்கள். புது இனத்தைக் காட்டித்தான். தேவதர்ஷினி கேக் வாங்கிக்கொண்டு வந்தாள். "என்னக்கா, சந்தோஷமே இல்லாம இருக்கீங்க?" என்று கேட்டாள். பல்வலி என்றேன்.

நீ கிளப்பிய குஞ்சை இன்றும் நுணுக்குக்காட்டியில் வைத்துப் பார்த்தேன். உலர்ந்ததால் மஞ்சள் மங்கிவிட்டது. உன் படத்தில்தான் அந்த நிறம் இருக்கிறது.

சுகம் என்று ஒரு வரி போட்டால் போதும்.

அக்கா

*

பிரிஸ்பேன்
5 அக்டோபர் 2025

அக்காவுக்கு,

நான் சுகம். நீங்களும் சுகமாக இருப்பீர்கள்.

மே மாதக் கடிதம் எனக்குக் கிடைத்தது. ஜூலைக் கடிதமும் சுற்றிச் சுற்றி வந்து சேர்ந்தது. எழுதாமல் இருந்தது உங்களைத் தண்டிக்க அல்ல. எழுதினால் என்ன எழுதுவேன் என்று எனக்கே பயம்.

ஜூனில் இங்கே வந்துவிட்டேன். ஒரு மருந்துக் களஞ்சியத்தில் வேலை. அஸ்வினி முதலில் வாசலில் நிற்கவும் விடவில்லை. இப்போது இரண்டு கிழமைக்கு ஒருமுறை, பூங்காவில், ஒரு மணித்தியாலம், தானும் பக்கத்தில் இருக்க விடுகிறாள். "இன்னொருக்கா நீர் வராமல் விட்டால் பிள்ளை தாங்கமாட்டாள்" என்றாள். நான் மறுத்துக் கதைக்கவில்லை. பிரணவி என்னோடு மரியாதையாகக் கதைக்கிறாள். யாரோ டொக்டரோடு கதைப்பதுபோல. ஊஞ்சலில் தள்ளட்டுமா என்று கேட்டால், "நோ தேங்க் யூ" என்கிறாள்.

உங்களுடைய கடிதம் என் பெட்டிக்குள்தான் இருக்கிறது. எடுத்து அஸ்வினியிடம் காட்டினால் ஒரு நிமிடத்தில் முடிந்துவிடும். பலதரம் எடுத்துப் பொக்கற்றில் வைத்துக்கொண்டு போயிருக்கிறேன். காட்டினால் பிரணவிக்கு மாமி இல்லாமல் போய்விடுவாள். அவளுக்கு ஏற்கெனவே ஆட்கள் குறைவு. ஆகவே திரும்பக் கொண்டுவந்து வைத்துவிடுகிறேன். அதைச் சொல்ல வேண்டியது நானும் இல்லை.

பிழை உங்களுடையது மட்டும் என்றும் நான் சொல்லவில்லை. அஸ்வினி எடுத்தபோது நான் போனை வைக்காமல் இருந்திருந்தால், பிள்ளையோடு கதைப்பதை விடாமல் இருந்திருந்தால், இந்த விஷயம் உங்கள் கையில் வந்தே இருக்காது. ஆனால் வந்தது. நீங்கள் நில் என்றீர்கள். நான் நின்றேன். அன்று அந்தப் பாசிக்குள் உட்கார்ந்து நான் பட்ட சந்தோசத்தை நினைத்தால்தான் எனக்குத் தாங்கமுடியவில்லை.

அந்தக் காளானுக்கு என் பெயர் வைக்கவேண்டாம்.

உடம்பைக் கவனியுங்கள்.

திலக்சன்

*

ஹில்ஸ்பரோ
12 அக்டோபர் 2025

அன்புள்ள அஸ்வினி,

நீரும் பிள்ளையும் அம்மாவும் சுகமாக இருப்பீர்கள். மே மாதமே எழுதியிருக்க வேண்டிய கடிதம் இது.

திலக்சன் வராமல் விடவில்லை. அவனுக்குத் தெரியாது. நீர் எழுதச் சொன்னதை நான் எழுதவில்லை. அவனாகவே பிறந்தநாளுக்கு வரட்டுமா என்று என்னைக் கேட்டு எழுதினான். வராதே, அங்கேயே நில் என்று நான்தான் எழுதினேன். அவன் நின்றால்தான் எனக்கு வேண்டிய காளான் கிடைக்கும். அதற்காகத்தான். வேறு காரணம் ஒன்றும் இல்லை. தேடிப் பார்த்துவிட்டேன், இல்லை.

பிள்ளை விமான நிலையத்தில் திரும்பித் திரும்பிப் பார்த்தாள் என்று எழுதினீர். அதை வாசித்த பிறகும் உமக்கு உண்மையைச் சொல்லாமல் ஐந்து மாதம் இருந்தேன். முதல் செய்ததைவிட இது மோசம். அவனுக்கு மே மாதக் கடைசியிலேயே எழுதிவிட்டேன். அவன் உம்மிடம் சொல்லியிருப்பான், நீர் என்னை வெறுத்து எழுதாமல் இருக்கிறீர் என்றுதான் நினைத்திருந்தேன். அப்படி நினைப்பது எனக்கு வசதியாக இருந்தது. அவன் சொல்லவில்லை என்று போன கிழமைதான் தெரியும்.

கட்டுரை அடுத்த மாதம் வருகிறது. அந்த நிலத்துக்கு உரிய மாவோரி மக்களிடம் கேட்டோம். ஆறு வளைகிற அந்த இடத்தின் பெயரைத் தந்தார்கள், அதைத்தான் வைத்திருக்கிறோம். தன் பெயர் வேண்டாம் என்று திலக்சன் எழுதியிருந்தான். ஆனால் மாதிரி உறையில் யார் எடுத்தது, எப்போது எடுத்தது என்று இருக்கத்தான் வேண்டும், அதை மாற்ற முடியாது. அவன் பெயரும் மே ஆறாம் திகதியும். நீங்கள் பறப்பதற்கு முன்னால் வந்த செவ்வாய்க்கிழமை. எங்கள் களஞ்சியம் இருக்கும்வரை அந்த உறை இருக்கும். நான் ஒவ்வொரு நாளும் அந்த அலுமாரியைத் தாண்டித்தான் என் மேசைக்குப் போகிறேன்.

என்னை மன்னிக்கச் சொல்லி இதை எழுதவில்லை. அவனைப் பிள்ளையோடு நிற்க விடும்.

உம்முடைய சுகத்தையும் பிள்ளையின் சுகத்தையும் வேண்டும்
கம்சாயினி

*

பிரிஸ்பேன்
2 நவம்பர் 2025

மச்சாளுக்கு,

இங்கே எல்லோரும் சுகம். உங்கள் கடிதம் வந்து இரண்டு கிழமை. பதில் எழுதத் தொடங்கித் தொடங்கி விட்டுவிட்டேன்.

அவரைக் கூப்பிட்டுக் கேட்டேன். "உமக்கு முதலே தெரியுமோ?" என்றேன். "ஓம்" என்றார். "பிறகேன் சொல்லேல்லை?" "சொன்னால் என்ன, அந்தச் சனிக்கிழமை திரும்பி வருமோ?" என்றார். எழும்பிப் போய்ப் பிரணவியின் சைக்கிளுக்குக் காற்றடிக்கத் தொடங்கிவிட்டார்.

இந்த ஐந்து மாதமும் நான் அவரைப் பற்றிப் பிள்ளைக்கு முன்னாலேயே எவ்வளவோ சொல்லிவிட்டேன். அவள் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். அதை இனி எப்படித் திரும்ப எடுப்பது என்று எனக்குத் தெரியவில்லை. இனிச் சனி ஞாயிறு இரண்டு நாளும் அவள் அவரோடு நிற்பாள். முதல் தரம் போய்விட்டு வந்து, அப்பாவின் வீட்டில் ஒரு கதிரைதான் இருக்கிறது, தான் அதில் இருந்தால் அப்பா நிலத்தில் இருக்கிறார் என்றாள். சிரித்தாள்.

உங்களைப் பற்றி என்ன எழுத? மன்னித்துவிட்டேன் என்று எழுதினால் பொய். இனி உங்களோடு கதைக்கவே மாட்டேன் என்று எழுதினாலும் ஒருநாள் அது பொய்யாகிவிடும் போல இருக்கிறது. கொஞ்சக் காலம் எனக்கு எழுதவேண்டாம்.

உங்கள் கடிதத்தைக் குசினியில் இருந்து வாசித்துக்கொண்டிருந்தபோது பிரணவி வந்து யாருடையது என்று கேட்டாள். மாமியினுடையது என்றேன். "இஸ் தேர் எனிதிங் ஃபார் மீ?" என்று கேட்டாள்.

தாளைத் திருப்பிப் பார்த்தேன். உறைக்குள்ளும் பார்த்தேன். இல்லை என்றேன்.

உடம்பைப் பாருங்கள்.

அஸ்வினி